வழியோரக் கற்களும் ஆற்றுப்படையும்

பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்களாகும். ஆறு என்பது வழி. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே வாடி வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் சென்று வந்த நெறியைக் கூறி அவ்வள்ளலிடம் வழிப்படுத்துவது இவ்விலக்கியத்தின் அமைப்பு. இவ்விலக்கணத்தை நம் மாணவர் தடையின்றிக் கூறுவர். வள்ளலின் கொடைச் சிறப்பைக் கேட்டால் இரண்டு பக்கம் எழுதுவர். வழியைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழுதுகோல் தயங்கும். குற்றம் அவர்களுடையதன்று. வழி பற்றிய அடிகளை ‘வருணனை’ என ஒதுக்கிவிட்டு வள்ளலின் வாயிலுக்கு விரைந்து செல்பவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.

மலைபடுகடாம் இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கது. 583 அடிகளைக் கொண்ட இந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உண்டு. பாடியவர் பெருங்கௌசிகனார், பாட்டுடைத் தலைவன் நன்னன். அவனது ஊராகிய செங்கண்மா இன்று திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கமாக விளங்குகிறது. இந்நூலின் பெரும்பகுதி வழி பற்றியதே. பன்றிக்கு வைத்த பொறி, யானையை விரட்டக் குறவர் வீசும் கவண்கல், பாம்பு ஒடுங்கியிருக்கும் குழி, வழுக்கும் பாறை என ஒவ்வொன்றையும் சொல்லி எச்சரிக்கிறார் புலவர். அவ்வாறு சொல்லிவரும் இடத்தில் மூன்று செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. வழி பிரியும் கவலைகளில், வீழ்ந்த மறவரின் பெயர் பொறித்து நட்ட கற்கள் பல உண்டு என்பது ஒன்று. முன்பின் அறியாது பின்னால் வரும் புதியவர்க்காக, வழி கூடும் இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்பது மற்றொன்று. செல்லும் நாட்டின் பெயரை அறிந்துகொள்ளும் பொருட்டு, கடவுள் உறையும் மராமரத்தின் அடியில் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும் என்பது மூன்றாவது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வழிகாட்டிப் பலகை இருந்தது என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

இவ்வடிகளை வகுப்பில் நடத்தியபோது ஒரு மாணவி, “ஐயா, அந்தக் கற்களெல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன?” என்று வினவினார். அந்த வினாவே இப்பயணத்திற்குக் காரணம்.

சென்ற தைத் திங்களில் இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவர் இருபத்திரண்டு பேருடன் ஆசிரியர் மூவர் ஒரு வேனில் புறப்பட்டோம். திட்டம் எளியது. பெருங்கோவில், பெருங்கோட்டை ஆகியவற்றுள் இறங்குவதில்லை. பேருந்தில் செல்வோர் ஒரு நொடியில் கடந்துவிடும் வழியோர வியப்புகளை மட்டுமே நின்று காண்பது. செஞ்சிக் கோட்டையின் கீழே நிறுத்தாமல் செல்லுமாறு சொன்னபோது ஓட்டுநர் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க இயலவில்லை.

முதலில் கண்டது விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை. இங்குச் சந்திரமௌலீசுவரர் கோவிலும் வக்கிரகாளியும் புகழ் பெற்றவை. ஆயினும் நாங்கள் தேடிச் சென்றது கல்லாகிப்போன மரங்களை. செம்மண் மேட்டில் வெட்டிப் போட்ட அடிமரங்கள் போல அவை கிடக்கின்றன. பட்டையின் வரியும் ஆண்டு வளையமும் தெளிவாகத் தெரிகின்றன. தட்டினால் மட்டும் கல்லோசை எழுகிறது. பிரெஞ்சு நாட்டு இயற்கையறிஞர் சொன்னரா 1781இல் இவற்றைக் குறித்து எழுதினார். இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத் துறை 1940இல் இவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாக்கியது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வெள்ளம் அடித்து வந்த மரங்கள் ஆற்று மணலுள் புதைந்தன. காற்றுப் புகாமையால் அவை அழுகவில்லை. மண்ணீரில் கரைந்திருந்த மணற்சத்து மரத்தின் ஒவ்வோர் அணுவறையிலும் மெல்லப் புகுந்து இறுகியது. இங்குள்ள மரங்களுக்கு வேரோ கிளையோ இல்லை. வேறிடத்திலிருந்து உருண்டு வந்தவை என்பதற்கு அதுவே சான்று. மா, மருது ஆகியவற்றின் குடும்பத்தைச் சார்ந்த மரங்களும் இவற்றுள் உள என்பர் அறிஞர்.

ஊர் மக்கள் கூறும் விளக்கம் வேறு. இவை வக்கிராசுரனின் எலும்புகளாம். காளி அவனைக் கொன்றபோது சிதறியவையாம். மாணவர் சிலர் நகைத்தனர். நகைக்க வேண்டியதில்லை என்பது எம் கருத்து. கிடப்பது ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது, இன்று கல்லாகியது என்னும் உண்மையை ஊரார் கண்டுகொண்டார்கள். எந்த உயிர் என்பதில்தான் தவறினார்கள்.

அடுத்து அரசலாபுரம். விழுப்புரம் வட்டாரத்துச் சிற்றூராகிய இங்கு ஒரு கல் உண்டு. அதில் செதுக்கப்பட்டிருப்பது மறவன் அல்லன்; ஒரு சேவல். முகையூரின் மேற்சேரியைச் சார்ந்த கோழி போரிட்டு மாண்டதை அதன் எழுத்துகள் கூறுகின்றன. எழுத்தமைதி கொண்டு ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டினது என்று மதிப்பிடுவர். வட்டெழுத்து எவ்வாறு உருப்பெற்றது என்பதை ஆராய்வோர்க்கு இக்கல் ஒரு கருவூலம். எங்களுக்கோ வேறொன்று வியப்பாயிற்று. சேரியின் மானம் காத்த சேவலுக்குக் கல்தச்சனை அழைத்து உருவமும் எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். கழுத்து நிமிர்ந்து நிற்கும் அதன் நிலையில் நடுகல் மறவனுக்குரிய செருக்கு முழுவதும் இருக்கிறது. கோழிப்போர் பற்றி நாம் கொள்ளும் இன்றைய கருத்து வேறாக இருக்கலாம். அதற்காக அக்கல்லின் அழகை மறைத்துப் பேச இயலாது.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் மண்டகப்பட்டு இருக்கிறது. சாலையிலிருந்து சிறிது உள்ளே, சிறு குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோவில் அது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டை அறியாத வரலாற்று மாணவர் இலர். செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதை இன்றி அயன், அரன், அரி ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் இக்கோவிலை எடுத்தான் என்பது அதன் பொருள். விசித்திரசித்தன் என்பது மன்னனின் விருதுப்பெயர்களுள் ஒன்று. பெருமிதம் கொள்ளத்தக்க செயல்தான். வாயிற்காவலர் இருவரின் முன் நின்றபோது மாணவர்களும் பேச்சடங்கினர். பாறையைக் குடைந்த உளி யாருடையது என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. பிற பொருள்கள் எவையும் இல்லை என்று வரிசைப்படுத்தும் அது, இருந்த கைகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதது ஏன் என்று அங்கு எழுந்த வினா, மறுநாள் செங்கம் சென்றபோது வேறொரு வகையில் திரும்பி வந்தது.

செஞ்சியைச் சார்ந்த நீலாம்பூண்டியில் மாலை வெயில் சாயும் நேரத்தில் இறங்கினோம். 1714இல் தேசிங்கு ராசனுக்கும் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானுக்கும் நடந்த போரை நாட்டுப்புறக் கதைப்பாடல் வழியாகத் தமிழுலகம் அறியும். தேசிங்கின் உயிர்த்தோழன் மோவத்துக்கான். மணக்கோலத்தில் இருந்தவன் நண்பனின் போர்ச்செய்தி கேட்டு எழுந்து வந்து அவனுக்காகப் பொருது மாண்டான் என்பது கதை. கான் இசுலாமியன், அவன் பகைத்துப் பொருத படையும் நவாபின் படை. சமயம் கொண்டு வரலாற்றைப் பிரித்து எழுத விரும்புவோர்க்கு இக்கதை என்றும் இடர்ப்பாடு தருவது. நீலாம்பூண்டியில் கானின் அடக்கவிடம் என்று ஓர் இடத்தையும், குதிரையின் சமாதி என்று ஓர் இடத்தையும் ஊரார் காட்டுகின்றனர். குதிரைக்கும் சமாதியா என்று கேட்ட மாணவருக்கு, அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி சொன்ன விடை இது: “ஏன்டா தம்பி, அதுவுந்தானே சண்டையில செத்துச்சு?”

இரவு திருவண்ணாமலையில் தங்கினோம். அங்கிருந்து செங்கம் மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர்.

செங்கம் வட்டாரம் நடுகற்களின் விளைநிலம். தமிழ்நாடு தொல்லியல் துறை இப்பகுதியில் ஊர் ஊராகச் சென்று ஆய்ந்து, முனைவர் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலை வெளியிட்டது. நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் வகுப்பதை நாம் அறிவோம். அவ்விலக்கணத்திற்கு இலக்கியமாக இருப்பவை இக்கற்கள். பின்னர் 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துடைய நடுகற்கள் கிடைத்தன. அவற்றால் நடுகல் மரபின் தொன்மை பல நூற்றாண்டுகள் பின்னோக்கிச் சென்றது. எனினும், இலக்கியம் பாடிய ஊரிலேயே அவ்விலக்கியம் கூறும் பொருளைக் காணும் பேறு செங்கத்திற்கே உரியது. மலைபடுகடாம் கூறிய கல் எதுவென்று சுட்டிக் காட்ட இயலாதுதான். கிடைத்தவை பெரும்பாலும் பல்லவர் காலத்தவை. வழக்கம் அதுவே, வழியும் ஏறத்தாழ அதுவே.

இங்கு நடுகற்களை மக்கள் வேடியப்பன் என்று அழைக்கின்றனர். மஞ்சளும் எண்ணெயும் பூசி வழிபடுகின்றனர். எண்ணெய் ஏற ஏற எழுத்து மங்குகிறது என்று ஆய்வாளர் வருந்துவதுண்டு. அவ்வருத்தம் நியாயமானது. ஆனால் வழிபாடு இல்லாதிருந்தால் அக்கல் எப்போதோ துணி துவைக்கும் கல்லாகியிருக்கும் என்பதையும் மறத்தல் கூடாது.

நாங்கள் தேடிச் சென்றவற்றுள் தலையாயது எடுத்தனூர்க் கல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எடுக்கப்பட்டது. கருந்தேவக்கத்தி என்பான் தன் எருமைகளைக் காக்கும் போரில் பட்டான். அவனுக்கு எடுத்த கல்லில் அவனருகே ஒரு நாயும் நிற்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் துணையோடு அதனைக் கண்டோம். ஒரு மாணவர் எழுத்துகளின் மேல் விரல் படாமல், காற்றில் விரலை ஓட்டிப் படித்தார். ‘நாய்’ என்ற சொல் பிடிபட்டதும் அனைவரும் ஆரவாரித்தனர். பதின்மூன்று நூற்றாண்டுகளைக் கடந்து ஒரு சொல் அப்படியே நம் வாய்க்கு வருவதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கத்தான் செய்கிறது.

மண்டகப்பட்டில் எழுந்த வினா இங்கேதான் திரும்பி வந்தது. மன்னன் ஒருவனே. அவனுடைய கோவிலைக் குடைந்த தச்சர்க்குப் பெயர் இல்லை. அதே மன்னனின் ஆட்சியாண்டை முன்னிட்டுத் தொடங்கும் கல்லில் எருமைக்காரனுக்குப் பெயர் உண்டு. அவன் நாய்க்கும் பெயர் உண்டு. அரசன் எடுத்தது அரசன் பெயரைச் சொல்கிறது. ஊரார் எடுத்தது இறந்தவன் பெயரைச் சொல்கிறது. மலைபடுகடாம் ஆசிரியர் கற்கள் உண்டு என்று மட்டும் கூறாமல், பெயரோடு நட்ட கற்கள் என்று கூறுவதன் அழுத்தம் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. வகுப்பில் அச்சொல்லைப் பன்முறை கடந்து சென்றிருக்கிறோம்.

மோட்டூரில் உள்ள பெருங்கற்கால மனித உருவக் கல்லையும் கண்டோம். பத்தடிக்கு மேல் உயரம், விரிந்த தோள், முகம் என்று ஒன்று வரையப்படவில்லை. எழுத்துப் பிறவாத காலத்துப் பெரியவர் யாரோ. மாணவர்கள் அதன்முன் நிழற்படம் எடுத்துக்கொண்டதில் ஒரு மணி நேரம் கழிந்தது.

வழிகாட்டும் எழுத்தைப் பற்றி ஒரு செய்தி இவ்விடத்தில் கூறற்குரியது. மலைபடுகடாம் கூறும் மராமரம் இன்று இராது. ஆனால் தருமபுரி வட்டாரத்தில் 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த காதக் கற்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. ‘அதியமான் பெருவழி’ என்று வழியின் பெயரும், நாவற்றாவளம் என்னும் ஊருக்கு உள்ள தொலைவும் அவற்றில் வெட்டப்பட்டுள்ளன. ஒரு கல்லில் 29 காதம் எனத் தமிழ் எண்ணால் குறித்துவிட்டு, அதன் கீழே இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் இட்டிருக்கிறார்கள். பெரிய குழி பத்தைக் குறிக்கும். சிறியது ஒன்றைக் குறிக்கும். எழுத்தறியாதவன் இருளில் வந்தாலும் விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். மைல்கல் வெள்ளையர் தந்த கொடை என்று கருதுவோர் அக்குழிகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

திரும்பும் வழியில் இறங்கிய இடம் ஒரு சுமைதாங்கிக்கல். நட்ட இரண்டு கற்களின் மேல் குறுக்கே ஒரு பலகைக்கல். உயரம் ஓராள் தோளளவு. தலைச்சுமையோடு வருபவன் பிறர் உதவியின்றி அதன்மேல் சுமையைச் சரித்து இறக்கலாம். இளைப்பாறிய பின் அவ்வாறே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். சுமையை நிலத்தில் இறக்கிவிட்டால் தனியாளாகத் தூக்குவது அரிது என்பதை அறிந்தவர்கள் கண்ட உத்தி இது. அருகிலேயே மாடுகள் உடல் தினவைப் போக்கிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல் நடுவதும் உண்டு. முப்பத்திரண்டு அறங்களின் வரிசையில் இது இடம் பெற்றுள்ளது. ஆடு மாடு ஓட்டிச் செல்வோர் பயன்படுத்திய சாலையின் இலக்கணம் இவை. சரக்கு வண்டி வந்தபின் பயனற்றுப் போயின.

சுமைதாங்கிக்கு மற்றொரு பொருளும் உண்டு. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை எடுப்பது ஊர் வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளுக்காக, வழிச்செல்வோர் சுமையை இறக்கிக்கொள்ள ஒரு கல். இதனை விளக்கியபோது மாணவியர் பக்கம் அமைதி நிலவியது. பின்னர் ஒருவர் எழுந்து கல்லைச் சுற்றி வந்து, “உபயம் செய்தவர் பெயர் இருக்கிறது அம்மா, இறந்தவர் பெயர் இல்லையே” என்று உடன்வந்த பேராசிரியையிடம் கூறினார். அக்கல்லில் அவ்வாறே இருந்தது.

இதனைக் கேட்டதும் எங்களுள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவ்விடத்தில் எங்கள் தவறு ஒன்றை எழுதியாக வேண்டும். ஈராண்டுகளுக்கு முன்னர் இப்பகுதியில் வேறொரு சாலையில் ஒரு சுமைதாங்கியைக் கண்டோம். அதன் பலகையில் மூன்று வரிகள் இருந்தன. முதல் வரி ‘ரௌத்திரி வருடம் தை மாதம்’. அறுபதாண்டுச் சுழற்சியில் ரௌத்திரி மீண்டும் மீண்டும் வரும். எழுத்தின் வடிவை நோக்க 1861 அல்லது 1921ஆம் ஆண்டின் தையாகலாம். இரண்டாம் வரியில் ஓர் ஊர்ப் பெயரும் ‘மகள்’ என்ற சொல்லும் இருந்தன. மூன்றாம் வரியின் தொடக்கத்தில் பாசி படர்ந்திருந்தது. தேய்ப்பதற்கு நீர் இல்லை, இருட்டிக்கொண்டு வந்தது, மாணவர்க்குப் பசி. அடுத்த முறை வரும்போது படித்துக்கொள்ளலாம் என்று புறப்பட்டுவிட்டோம். இப்போது அவ்விடம் சென்று வேனை நிறுத்தினோம். சாலை அகலமாக்கப்பட்டிருந்தது. கல் இல்லை. அருகில் தேநீர்க்கடை வைத்திருந்தவரைக் கேட்டோம். வண்டி வந்து எல்லாக் கல்லையும் அள்ளிக்கொண்டு போயிற்று என்றார். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. சாலை வேண்டாம் என்று கூற எங்களுக்கு உரிமை இல்லை. அச்சாலையிலேதான் வந்து இறங்கியிருந்தோம். புல்லை முடிந்து வைக்குமாறு கூறிய நூலை ஆண்டுதோறும் நடத்திவிட்டு, அதனைச் செய்யாமல் வந்தவர்கள் நாங்கள்.

அடுத்த ஆண்டு செல்லும் மாணவர்க்குச் சில சொற்கள். கல்வெட்டைப் படிக்க உச்சி வெயில் உதவாது. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எழுத்தின் பள்ளம் நிழல் பெற்றுத் தெரியும். மேகமாயின் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் எழுத்தின்மேல் தேய்த்தல் கூடாது. தூய நீரும் மெல்லிய துணியும் போதும். நீரை மறவாமல் கொண்டு செல்க. மைப்படி எடுப்பதற்கு உரியவர் இசைவு வேண்டும். நிழற்படத்திற்கும் கையால் எழுதிக்கொள்வதற்கும் ஊராரின் நல்லெண்ணம் போதும். வேடியப்பன் கல்லாயின் செருப்பைக் கழற்றிவிட்டு அணுகுக. ஊரின் பெயர், சாலையின் எந்தப் பக்கம், அருகில் என்ன மரம், கல் எத்திசை நோக்கியது ஆகிய நான்கையும் அங்கேயே எழுதுக. படித்து முடித்த பின்னரே உணவுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

அக்கல்லிலிருந்து நாங்கள் எழுதிவந்த தாள் துறை நூலகத்தில் இருக்கிறது. மூன்றாம் வரியின் இறுதியில் ‘அம்மாள் நினைவாக’ என்பது தெளிவாக உள்ளது. அதற்கு முன்னர் நான்கு எழுத்துகளுக்கு இடம் விட்டிருக்கிறோம்.